பூசிய நிறமும் பிறந்த நிறமும்

நிறம் - மூன்றே எழுத்துக் கொண்ட சிறு சொல்! ஆனால் அந்த மூன்றெழுத்து முறித்த மணங்கள் எத்தனை, மூட்டிய கலகங்கள் எத்தனை, மூலையில் ஒதுக்கி வைத்த முகங்கள் எத்தனை! வீரத்தை அளக்கக் களம் உண்டு. அறிவை அளக்கத் தேர்வு உண்டு. அன்பை அளக்கவும் ஒரு நாள் நெருக்கடி வந்து சேரும். மேனியின்மேல் மெல்லிய தாள்போல் படர்ந்திருக்கும் தோலின் சாயலைக் கண்ட மாத்திரத்தில் ஆளை அளந்து முடித்துவிடும் அவசரம் மட்டும், அறிவு வளர்ந்ததாகப் பறைசாற்றிக்கொள்ளும் இந்த நாளிலும் அடங்கியபாடில்லை.

தோழர்களே! வெளுக்க வேண்டும் என்று ஏங்குவோரை நாம் அறிவோம். தெருவில் அறிவோம்; திருமணத் தரகர் வாயிலாக அறிவோம்; வீட்டுக் கண்ணாடியின் முன்னும் அறிவோம். ஆனால், பழுப்பேற வேண்டும் என்று பணம் கட்டிப் பதிவு செய்து, பல நாள் பாடுபட்டு, பழுப்பேறிய பின் அது போய்விடாதபடி பொத்திப் பொத்திப் பாதுகாப்போரை அறிவீர்களா? இருக்கிறார்கள். பனி பெய்யும் நாடுகளில், வெண்தோல் கொண்ட மக்களிடையே இருக்கிறார்கள். 'ஸ்ப்ரே டேன்' என்பது அந்தக் கலைக்கு அவர்கள் இட்ட பெயர். தெளித்து ஏற்றும் பழுப்பு என்று நாம் சொல்லலாம்.

கல்லூரியில் நம்மோடு பயின்ற தோழி ஒருத்தி வட இங்கிலாந்தில், முதியோர் இல்லம் ஒன்றில் பணியாற்றுகிறாள். அங்கே அவளோடு வேலை பார்க்கும் ஆங்கிலப் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணநாளுக்கு முன் மேனியைப் பழுப்பாக்கிக்கொள்ளப் புறப்பட்ட மணப்பெண், நம் தோழியையும் துணைக்கு அழைத்துச் சென்றாளாம். கண்டதையெல்லாம் நம் தோழி நீண்ட மடலாக எழுதியிருந்தாள். படித்தோம், சிரித்தோம், பிறகு சிந்தித்தோம்.

சிரிப்புக்குக் காரணம், அந்தப் பழுப்புக்கு வகுக்கப்பட்டிருக்கும் நெறிமுறைகள்! நம் நாட்டு நோன்புகள் தோற்றன போங்கள். முதல் நாளே உடலின் ரோமத்தை மழித்தோ, மெழுகிட்டோ அகற்றிவிட வேண்டும். சொரசொரப்பான துணியோ உப்புத்தூளோ கொண்டு மேனி முழுவதும் தேய்த்துக் குளிக்க வேண்டும். முழங்கையும் முழங்காலும் கணுக்காலும் கூடுதல் கவனத்தோடு தேய்க்கப்பட வேண்டும். பூசும் நாளிலோ எண்ணெய் ஆகாது, களிம்பு ஆகாது, நறுமணத் தைலம் ஆகாது, அக்குளுக்கு இடும் பூச்சும் ஆகாது. உடுப்பது கருநிற உடையாக இருத்தல் வேண்டும். அதுவும் தொளதொளவென்று இருத்தல் வேண்டும். உள்ளே போனதும் கைகளை அகல விரித்து, சொன்னபடியெல்லாம் திரும்பித் திரும்பி நிற்க வேண்டும். மூக்குக்கு அடைப்பு, கண்ணுக்குக் காப்பு, உதட்டுக்கு மெழுகு. பூச்சுக்காரி தெளிப்பானைக் கையில் ஏந்தி, சுவருக்கு வண்ணமடிப்பதுபோல் மேலிருந்து கீழாக அடித்து முடிப்பாள். அதன்பின் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை தண்ணீர் படக்கூடாது, வியர்வை வரக்கூடாது, பாத்திரம் கழுவவும் கூடாது!

நோன்பு என்றோம், ஆனால் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்வதே நேர்மை. நோன்புக்காரரிடம் "ஏன்?" என்று கேட்டால், "பெரியோர் சொன்னது" என்பது விடை, மேலும் கேட்டால், "எதிர்க் கேள்வி கேட்காதே" என்பது விடை. இந்தப் பழுப்பு நெறியிலோ ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பகுத்தறிவு பேசும் நாம் அதைக் கேட்டறிய வேண்டாமா?

பூசப்படும் நீர்மத்தில் வேலை செய்வது ஒரு சர்க்கரை. டைஹைட்ராக்சி அசிட்டோன் என்பது அதன் பெயர். மூன்று கரி அணுக்கள் கொண்ட எளிய சர்க்கரை. கிளிசரினை நுண்ணுயிர் கொண்டு புளிக்க வைத்து உண்டாக்குகிறார்கள். நம் தோலின் மேற்பரப்பில் உயிரற்ற செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ள புரதத்தின் அமினோ அமிலங்களோடு இந்தச் சர்க்கரை கூடுகிறது. கூடியதன் விளைவாக மெலனாய்டின் எனப்படும் பழுப்புப் பொருள் பிறக்கிறது. 1912-ஆம் ஆண்டு லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலறிஞர் விளக்கிய வினைதான் இது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இவ்வினையால்தான். தோசைக்கல்லில் தோசை முறுகிப் பொன்னிறம் கொள்வதும் இவ்வினையின் துணையால்தான். பழுப்பேறும் மேனியிலிருந்து சுட்ட பிஸ்கோத்தின் மணம் எழுவதாகத் தோழி எழுதியிருந்தாள். எழாமல் என்ன செய்யும்? அடுப்பில் நடப்பதன் உறவுமுறைதான் மேனியிலும் நடக்கிறது. நெருப்பு மட்டும் இல்லை!

இப்போது விதிகளைப் பாருங்கள். விளக்கம் தானே வரும். உயிரற்ற தோல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் நிறமும் திட்டுத்திட்டாகப் படியும். ஆகவே முன்கூட்டித் தேய்த்து உதிர்க்க வேண்டும். முழங்கை, முழங்கால், குதிகால் ஆகியவற்றில் தோல் தடித்து வறண்டிருப்பதால் நிறத்தை மிகுதியாகக் குடித்துக் கருத்துவிடும். ஆகவே அங்கே மட்டும் சிறிது களிம்பு தடவித் தடுக்கிறார்கள். மற்ற இடங்களில் எண்ணெய்ப் பசை இருந்தால் சர்க்கரை தோலைச் சேராது. ஆகவே எண்ணெய்க்கும் தைலத்துக்கும் தடை. வினை முற்றுப்பெறப் பல மணி நேரம் பிடிக்கும். இரண்டு நான்கு மணியில் தொடங்கி, ஒரு நாள் வரையில் நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே நீருக்குத் தடை. முதல் முறை வெதுவெதுப்பான நீரில், சோப்பில்லாமல், உடலை அலசியபோது பழுப்பு நீர் ஓடியதைக் கண்டு நம் தோழி பதறினாளாம்: "ஐயோ, கட்டிய பணமெல்லாம் கால்வாயில் போகிறதே!" ஓடியது வெறும் அடையாளச் சாயம், எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்று பூச்சுக்காரிக்குக் காட்டுவதற்காகக் கலந்தது. மெய்யான நிறம் தோலிலேயே தங்கிவிட்டது.

தங்கியது என்றோம், எத்தனை நாள்? ஐந்து நாள், ஏழு நாள். மிகப் பேணினால் பத்து நாள்! தோலின் மேலடுக்கு நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உதிரும் செல்லோடு நிறமும் உதிர்கிறது. அதைத் தடுக்க முடியாது. தள்ளிப்போட மட்டும் முடியும். அதற்கென்று இன்னொரு நோன்பு தொடங்குகிறது. காலையும் மாலையும் ஈரக்களிம்பு பூச வேண்டும். தோல் வறண்டால் விரைந்து உதிரும். துண்டால் தேய்க்கலாகாது, ஒற்றி எடுக்க வேண்டும். கொதிநீரில் நெடுநேரம் கிடக்கலாகாது. குளோரின் கலந்த நீச்சல் குளம் கூடாது. மழித்தால் மெல்ல மழிக்க வேண்டும். நான்கைந்து நாள் கழித்து, சிறிதளவு அதே சர்க்கரை கலந்த களிம்பைப் பூசி, வெளிறும் நிறத்தை மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பின்னும் எட்டாம் நாள் கழுத்தில் ஒரு தீவு, கையில் ஒரு தீவகற்பம் என்று மேனி நிலப்படமாக மாறுவதுண்டாம். அப்போது மீண்டும் எண்ணெய் தடவித் தேய்த்து எல்லாவற்றையும் அகற்றி, தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்!

இனி, சிந்தித்ததைச் சொல்வோம். மடலின் நடுவே தோழி எழுதியிருந்த நிகழ்ச்சி இது. எத்தனை அழுத்தமான நிறம் வேண்டும் என்று பூச்சுக்காரி கேட்டாளாம். மணப்பெண் சற்றும் தயங்காமல் நம் தோழியின் கையைப் பற்றி, தன் கையோடு சேர்த்து வைத்து, "இந்த நிறம் வந்தால் போதும்" என்றாளாம்.

அந்தக் கையை நாம் அறிவோம். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் காற்றைக் கிழித்த கை அது. பெண் பார்க்க வந்தோர் இருமுறை பார்த்து, பலகாரம் உண்டு, "பெண் கெட்டிக்காரிதான், நிறம்தான் கொஞ்சம்..." என்று வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து போனது அதே கையின் நிறத்துக்காகத்தான்! இங்கே கழிக்கப்பட்ட நிறம் அங்கே கேட்டு வாங்கப்படுகிறது. தோல் அதே தோல். தோழி அதே தோழி. மாறியது என்ன? பார்ப்போர் கண் மட்டுமே!

ஐரோப்பியர் கண்ணும் என்றும் இப்படி இருந்ததில்லை. வயலில் வெயிலில் உழைப்பவன் கறுத்தான். மாளிகை நிழலில் வாழ்ந்தவன் வெளுத்தான். ஆகவே வெளுப்பே உயர்குடியின் முத்திரை என்று பல நூற்றாண்டுகள் அவர்களும் நம்பினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் உயர்குடிப் பெண்கள் ஈய வெள்ளையை முகத்தில் அப்பிக்கொண்டார்கள். ஈயம் நஞ்சு, அழகுக்கென்று பூசியது தோலை அரித்தது. பிறகு ஆலைகள் எழுந்தன. உழைப்பாளி வயலைவிட்டு ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போனான். வெயில் காணாத அவன் வெளிறினான். செல்வனோ கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போனான். உடனே இலக்கணம் புரண்டது! வெளிறிய தோல் ஏழைமையின் அடையாளம். வெயில் பட்ட தோல் ஓய்வின் அடையாளம்! ஒளியால் தோல் காசநோயைக் குணப்படுத்தியதற்காக 1903-இல் நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு பெற்றார். வெயில் உடலுக்கு நல்லது என்ற எண்ணம் பரவிற்று. 1920-களில் ஆடைக்கலைஞர் கோகோ ஷனேல் வெயிலில் பழுத்த மேனியோடு தோன்றியதும் பாரிசு நகரே பழுக்க விரும்பியது என்பர்.

கவனியுங்கள், தோழர்களே! உழைப்பவன் கறுப்பாக இருந்தபோது கறுப்பு இழிவு. உழைப்பவன் வெளுப்பாக ஆனபோது வெளுப்பு இழிவு. ஆக, அவர்கள் வெறுத்தது நிறத்தையா, உழைப்பையா?

வெயிலில் காய்ந்தார்கள், வெயில் போதாதென்று செயற்கை ஒளிப்படுக்கை செய்து அதில் கிடந்தார்கள். விளைவு என்ன? 2009-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அந்த ஒளிக்கருவிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகுப்பிலேயே சேர்த்தது. அதே ஆண்டு பிரேசில் நாடு அவற்றைத் தடை செய்தது. வெயிலுக்கும் படுக்கைக்கும் மாற்றாக நிற்பதே தெளிக்கும் பழுப்பு. 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், நோயுற்ற குழந்தைகளுக்கு அந்தச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துச் சோதித்தார். சிந்திய துளிகள் துணியில் கறையாகவில்லை; தோலில் மட்டும் பழுப்பாயின. அதைக் கண்டு தம் தோலிலேயே பூசிப் பார்த்து உண்மையைத் தெளிந்தார். நோய்க்கு மருந்து தேடிய இடத்தில் அழகுக்குப் பூச்சு கிடைத்தது!

வெயிலில் வேகுவதைவிட இது தீங்கு குறைந்தது, மறுக்கவில்லை. ஆயினும் பூசிய பழுப்பு வெயிலைத் தடுக்கும் குடையாகாது; பழுத்துவிட்டோம் என்று வெயிலில் திரிந்தால் வெந்துபோவார்கள். பூச்சைப் புறத்தே பூசலாம். மூச்சில் இழுக்கவோ, கண்ணிலும் உதட்டிலும் படவிடவோ கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. மூக்கடைப்பும் கண்காப்பும் அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியமோ 2021-இல் விதி வகுத்து, இத்தகைய பூச்சுகளில் அந்தச் சர்க்கரை நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்றது.

இதுவரை சொன்னது தோலின் கதை. இனிச் சொல்வது தோலுக்குள் இருக்கும் மனத்தின் கதை.

1919-ஆம் ஆண்டு சூலை 27. அமெரிக்காவின் சிகாகோ நகரம். மிச்சிகன் ஏரியில் கட்டுமரத்தில் விளையாடிக்கொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் குளிக்கும் பகுதிக்குள் மிதந்துவிட்டான். நீரின்மேல் கோடு உண்டா? கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைக் கடந்ததற்காகக் கரையிலிருந்து கல் வீசினான் ஒரு வெள்ளையன். சிறுவன் மூழ்கி மாண்டான். மூண்ட கலவரத்தில் 38 உயிர்கள் போயின. அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள்தான், கரையில் படுத்து மேனியைப் பழுப்பாக்கிக்கொள்வது நாகரிகம் என்றாயிற்று!

1960-ஆம் ஆண்டு. வெயிலின்றி மேனியைப் பழுப்பாக்கும் களிம்பைக் காப்பர்டோன் நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே 1960, ஏப்ரல் 24. மிசிசிப்பி மாநிலத்து பிலாக்சி கடற்கரையில் கால் நனைக்கச் சென்ற கறுப்பின மக்களைத் தடியும் சங்கிலியும் கொண்டு தாக்கிற்று வெள்ளைக் கும்பல். மருத்துவர் கில்பர்ட் மேசன் தலைமையில் 1959-இல் தொடங்கிய அறப்போர் அது. அந்தக் கரை அனைவருக்கும் திறக்கப்பட 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவிலோ 1953-இல் சட்டமே இயற்றி, கடற்கரையையும் பூங்காவையும் நிறத்தால் பிரித்தார்கள். 1990-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

என்ன விந்தை! நிறம் வேண்டுமாம், நிறத்தை உடையவன் வேண்டாமாம்! பூசிக்கொண்டால் அழகாம்; பிறந்தால் குற்றமாம்! பூசிய நிறம் எட்டாம் நாள் உதிரும். உதிர்ந்ததும் பழைய தோல், பழைய மதிப்பு, பழைய கடற்கரை. பிறந்த நிறத்துக்கோ உதிர்தல் இல்லை. அதன்மேல் சுமத்தப்பட்ட பழிக்கும் எளிதில் உதிர்தல் இல்லை.

பிறரைச் சுட்டும் விரல் நம்மையும் நோக்கித் திரும்பட்டும். 'வருணம்' என்ற வடசொல்லுக்கு நிறம் என்பது ஒரு பொருள். ஆளைப் பிரிக்க வந்த அமைப்புக்குப் பெயரே அதுவாக அமைந்த நாட்டில் வாழ்கிறோம். கருங்கல்லில் வடித்த சிலைக்குக் கற்பூரம். கறுத்த பெண்ணுக்குக் கைவிரிப்பு! கார்வண்ணன் என்று பாடித் துதிப்பார்கள். காலண்டரில் மட்டும் அவனை நீலமாகத் தீட்டுவார்கள். கடவுளுக்கே கறுப்பு ஆகாதென்றால் கடைக்குட்டிப் பெண்ணுக்கு ஆகுமா?

தமிழ் மரபு சொன்னதோ வேறு. சங்கப் புலவர்கள் மாமையை, மாந்தளிரை ஒத்த அந்த மாநிறத்தை, பெண்ணின் எழில் என்று போற்றினார்கள். தலைவன் பிரிவால் தலைவி மேனி வெளிறினால் அதற்குப் பசலை என்று பெயரிட்டு, அழகைத் தின்ற நோய் என்று வருந்தினார்கள். வள்ளுவர் 119-ஆம் அதிகாரம் முழுவதையும் அந்தப் பசப்புக்கே ஒதுக்கினார். நோய் என்று முன்னோர் சொன்ன வெளிறலை, அழகு என்று விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு இன்று வந்திருக்கிறோம். 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', பலர் கண்டித்த பிறகு 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. பெயரிலிருந்து வெளுப்புப் போயிற்று. பெண் பார்க்கப் போகும் கண்களிலிருந்து போயிற்றா?

போகவில்லை என்பதை நம் வீட்டிலேயே கண்டோம். நம் தங்கைக்கு வயது 22. வணிகவியல் பட்டம் பெற்றவள். சென்ற தை மாதம் பார்க்க வந்தோர் சொல்லியனுப்பிய சொல்லும் அதே முடிவுறாத வாக்கியம்தான். தாயார் கோபிக்கவில்லை, அழவுமில்லை. மறுநாள் கடைவீதிக்குப் போய் ஒரு சிறு டப்பாவோடு திரும்பினார். "நாற்பது நாள் தடவினால் இரண்டு சாயல் ஏறுமாம், அடுத்த இடம் வருவதற்குள் ஏறிவிடும்" என்றார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். செய்தவர் பெயரில்லை, சேர்ந்த பொருள் எதுவெனக் குறிப்பில்லை. அடையாளமற்ற இத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருப்பதுண்டு. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. 2023-இல் கேரளத்து மலப்புரம் பகுதியில் இத்தகைய வெளுப்புக் களிம்புகளைப் பூசியோர் சிறுநீரக நோயுற்றதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அன்று ஐரோப்பாவில் ஈயம். இன்று இங்கே பாதரசம். நஞ்சு மாறியது, நாட்டம் மாறவில்லை.

தாயாரிடம் சொன்னோம். "நீ படித்தவன், பேசுவாய். பெண்ணைப் பெற்றவள் நான்" என்றார். அந்தச் சொல்லில் இருந்தது அறியாமையன்று, அச்சம். ஊர் தந்த அச்சம். அதைத் தாயார்மீது சுமத்தி, ஊரைத் தப்பவிட நாம் ஒருப்படோம்.

தோழியின் மடலைத் தங்கையிடம் கொடுத்தோம். மெல்லப் படித்தாள். "அண்ணா, அந்த வெள்ளைக்காரப் பெண் பழுப்புப் பூசிக்கொள்ளாமல் போயிருந்தால் அவள் கல்யாணம் நின்றிருக்குமா?" என்று கேட்டாள். "நின்றிராது" என்றோம். "நான் பூசிக்கொள்ளாவிட்டால் என் கல்யாணம் நிற்கும் என்கிறார்கள். அவள் பூசுவது ஆசைக்கு; என்னைப் பூசச் சொல்வது தண்டனைக்கு. இரண்டும் ஒன்றாகுமா?" என்றாள். எழுந்து போய் டப்பாவை எடுத்து, குப்பைக்கூடையில் இட்டாள்.

தோழர்களே! கல்லூரியில் நாம் படித்த நூல்கள் பல. இந்தக் கேள்வியின் கூர்மை அவற்றுள் எதிலும் நாம் காணாதது. பூசுவது குற்றமன்று. எவரும் தம் உடலைத் தம் விருப்பம்போல் ஒப்பனை செய்துகொள்ளலாம். அதைத் தடுக்க நாம் சாத்திரக்காரர் அல்லர். பூசாவிட்டால் வாழ்வில்லை என்று மிரட்டுவதே குற்றம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எம் பள்ளி ஆசிரியர் அறையில் இச்செய்தியைச் சொன்னபோது நண்பர் ஒருவர் மகிழ்ச்சியால் துள்ளினார். "பார்த்தீரா! வெள்ளைக்காரனே நம் நிறத்துக்கு ஏங்குகிறான். இனி நாம் தலைநிமிரலாம்!" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் அந்த ஆறுதலை நாம் ஏற்கவில்லை. வெள்ளையன் இகழ்ந்தபோது குனிந்தோம், வெள்ளையன் விரும்பும்போது நிமிர்கிறோம் என்றால், நம் முதுகெலும்பு இன்னும் அவன் கையில்தானே இருக்கிறது? நாளை அங்கே நாகரிகம் மாறி வெளிறலே அழகு என்றாகிவிட்டால் மீண்டும் குனிவோமா? சான்றிதழ் எவரிடமிருந்து வந்தாலும் சான்றிதழ்தான். நம் மதிப்பு அதற்காகக் காத்திருக்கலாகாது.

நிறத்தின் உண்மை நிலைதான் என்ன? மெலனின் ஆக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மக்களிடமும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் துகளின் அளவும் பரவலும்தான் வேறுபடுகின்றன. வெயில் கடுமையான நிலப்பகுதியில் வாழ்ந்தோர்க்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கக் கருமை துணையாயிற்று. வெயில் மெலிந்த வடபுலத்தில் வைட்டமின் 'டி' ஆக்கிக்கொள்ள வெளுமை துணையாயிற்று. கதிரவனுக்கும் தோலுக்கும் பல்லாயிரம் ஆண்டு நடந்த உடன்படிக்கையின் கையெழுத்து அது. அதில் உயர்வு எங்கே, தாழ்வு எங்கே? குடை பிடித்தவன் குடை பிடிக்காதவனைவிட உயர்ந்தவன் என்று எவரேனும் சொல்வாரா?

பெரியார் 1945-இல் கருஞ்சட்டைப் படையை அமைத்தபோது, இந்த இனத்தின்மேல் சுமத்தப்பட்ட இழிவின் அறிகுறியாகக் கறுப்பை அணியச் சொன்னார். 1948-இல் அன்றைய சென்னை அரசு அந்தப் படையைத் தடை செய்தது. தடையால் கறுப்பு மறைந்ததா? இழிவின் அறிகுறியாக அணியப்பட்ட அதே கறுப்பு, அணிந்தோர்க்குப் பெருமையின் அறிகுறியாக மாறிற்று. சட்டையில் நிகழ்ந்த அந்த மாற்றம் தோலிலும் நிகழ வேண்டாமா? சென்னையைச் சேர்ந்த ஓர் அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அந்தக் குரலை நகர மேடையோடு விடாமல் நம் சிற்றூர்த் திண்ணைக்கும் கொண்டு செல்ல வேண்டியவர்கள் நாம் அல்லவா?

மேடையில் கறுப்புத் துண்டு அணியும் தம்பி! மணமகள் தேவை என்று விளம்பரம் எழுதும்போது உன் வீட்டார் 'சிவந்த நிறம்' என்ற இரு சொற்களைச் சேர்த்தால், பேனாவை வாங்கி அடித்துவிடு. பெண் பார்க்கப் போன இடத்தில் நிறத்தைப் பற்றி உன் அத்தை முணுமுணுத்தால், அந்த இடத்திலேயே, அந்தப் பெண்ணின் காதில் விழும்படி மறுத்துச் சொல். குழந்தை பிறந்ததும் "கறுப்பா, சிவப்பா?" என்று கேட்போரிடம், "நலமாயிருக்கிறது" என்று விடை சொல். ஆசிரியராக இருக்கும் தோழர்களே! ஆண்டு விழாவில் வரவேற்று மலர் கொடுக்க மாணவியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் கண் எந்த வரிசையில் போய் நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வோம். வகுப்பில் "கறுப்பி", "கரிக்கட்டை" என்று எழும் கேலியைக் குழந்தை விளையாட்டு என்று விட்டுவிடாமல், பாடத்தை நிறுத்திவிட்டு நிறத்தின் அறிவியலை அங்கேயே நடத்துவோம்.

நம் தங்கை இப்போது வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்து வரும் வீட்டாருக்கு முன்கூட்டியே ஒரு சொல் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். "பெண் கறுப்பு. அதைப் பற்றிப் பேச விரும்புவோர் வர வேண்டா. மற்றவற்றைப் பேச விரும்புவோர் வரலாம்." தரகர் தலையைச் சொறிகிறார். சொறியட்டும்! தலைக்குள் இருப்பது அசையத் தொடங்கினால் நல்லதுதானே!